விடையிறுப்பவரே தலைவர்

தன் ஆணையின்கீழ் வாழ்ந்தவர்க்கும் தன் ஆணையால் மாண்டவர்க்கும் விடையிறுப்பவனே படைத்தலைவன். தோளில் எத்தனை விண்மீன்கள் பதித்திருப்பினும், அக்கடமையைக் கைகழுவியவன் வெறும் கருவியே. "மேலிடத்து ஆணை, நிறைவேற்றினேன்" என்னும் சொல் கொடுமை புரிந்த படையினர் பலர்க்கும் நெடுங்காலம் புகலிடமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூடிய நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் சாசனம் அப்புகலிடத்தை மூடியது. ஆணைக்குப் பணிந்தமை ஒருவனைக் குற்றத்தினின்று விடுவிக்காது என்பது அன்று சட்டமாயிற்று.

இந்த அறத்தை இன்று நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது ஒரு ஜப்பானிய அசைபடத் தொடர். ஹிரோமு அரகாவா என்னும் பெண் ஓவியர் 2001 முதல் 2010 வரை வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' என்னும் சித்திரக்கதை, 2003-லும் 2009-லும் இருமுறை தொடராக வந்தது. அதில் வரும் கர்னல் ராய் மஸ்டாங் தீயை ஆளும் ஆற்றல் பெற்றவன். இஷ்வால் என்னும் சிறுபான்மை மக்களை அழித்தொழிக்குமாறு அரசு ஆணையிட, அவன் அதனை நிறைவேற்றுகிறான். நாடு அவனை வீரன் எனப் போற்றுகிறது. அவன் தன்னைக் கொலைஞன் என அறிகிறான். ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளோரைக் காத்தால் நாடே காக்கப்படும் என்று உறுதிபூண்டு, அதற்காகவே பதவியில் உயர முயல்கிறான். ஆட்சி மக்கள் கைக்கு வரும் நாளில், தானே போர்க்குற்றவாளியாகக் கூண்டில் நிற்க நேரும் என்பதை அறிந்தும் அந்நாளை நோக்கியே உழைக்கிறான். தான் நெறி தவறினால் தன்னைச் சுட்டு வீழ்த்தும் பொறுப்பைத் தன் துணை அதிகாரியான ரிசா ஹாக்கையிடமே ஒப்படைக்கிறான்.

இக்கதை வெறுங்கற்பனையில் விளைந்ததன்று. ஹொக்கைடோவில் பிறந்த அரகாவா, அம்மண்ணின் தொல்குடியினரான ஐனு மக்களின் இழப்பை மனத்திற்கொண்டவர். போர்க்களம் கண்ட முதியோரையும் நேரில் கண்டு கேட்டறிந்தார். தன் இனம் இழைத்த பிழையைத் தன் இனத்தின் பிள்ளைகளுக்கே ஒருவர் கதையாக்கிச் சொல்வது பெருஞ்செயல். அதனை நாம் மதிக்கிறோம்.

மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககங்களிலும் கிள்ளான் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மஸ்டாங்கை நன்கறிவர். ஆண்டிறுதியில் கோலாலம்பூரில் கூடும் காமிக் ஃபியெஸ்டா விழாவுக்குத் தமக்குப் பிடித்த பாத்திரங்களின் உடை தரித்துச் செல்வோரும் உளர். இஷ்வால் மக்களுக்காக அவர்கள் கலங்குவது நற்பண்பே. ஆயின் மெய்யான ஜப்பானியப் படையதிகாரிகளின் ஆணையால் சயாமுக்கு (தாய்லாந்துக்கு)க் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தம் முப்பாட்டன்மாரை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அறியாமை பிள்ளைகளின் குற்றமாகாது. சொல்லத் தவறிய மூத்த தலைமுறையின் குற்றம் அது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதே ஆண்டில், தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கும் பணி தொடங்கிற்று. 1943 அக்டோபரில் அது முடிந்தது. மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர். நல்ல கூலி, போதிய அரிசி, சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்னும் வாக்குறுதிகளை நம்பிச் சென்றோர் சிலர். வளைத்துப் பிடிக்கப்பட்டோர் பலர். இலவசப் படக்காட்சி என அழைத்து லாரியில் ஏற்றிய கொடுமையும் உண்டு என்பர். மூடிய சரக்குப் பெட்டிகளில் அவர்கள் வடக்கே சென்றனர். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அதே திசையில் சென்றன.

அந்தப் பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. இவ்வேறுபாட்டின் காரணம் நம் சிந்தனைக்குரியது. வாந்திபேதியும் மலேரியாவும் சீழ்ப்புண்ணும் இருதரப்பாரையும் தாக்கின. பசியும் அடியும் இருவர்க்கும் இருந்தன. எனினும் கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகள் இருந்தனர். கர்னல் பிலிப் டூஸி போன்றோர் காவலர் முன் நின்று தம்மவர்க்காக வாதாடினர். படை மருத்துவர்கள் கழிப்பிடத் தூய்மையையும் கொதிநீரையும் வற்புறுத்தினர். இறந்தவர் பெயரும் புதைத்த இடமும் மறைவாகக் குறித்து வைக்கப்பட்டன. தோட்டத்திலிருந்து போன தமிழனுக்காக வாதாட அதிகாரி எவருமில்லை. அவனுக்கெனப் போதிய மருத்துவரோ முறையான பெயரேடோ இருந்ததில்லை. அவன் காய்ச்சலில் விழுந்தால் அது யாருடைய பொறுப்புமாகவில்லை. விடையிறுக்கும் தலைமை இல்லாமையே நோயினும் கொடிதாய் அவனைக் கொன்றது.

சாவிலும் அவ்வேறுபாடு தொடர்ந்தது. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் செவ்வனே பராமரிக்கப்படும் கல்லறைகளில் துயில்கின்றனர். தமிழனின் எலும்பு காட்டிலும் பொதுக்குழியிலும் கலந்தது. 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படம் கர்னல் நிக்கல்சன், கர்னல் சைட்டோ என்னும் இரு கற்பனை அதிகாரிகளை உலகப் புகழ் பெறச் செய்தது. அதன் மூலநாவலை எழுதிய பியேர் பூல் போருக்குமுன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் பணியாற்றியவர். எனினும் அப்படத்தில் தோட்டத்துத் தமிழனின் துயருக்கு இடமில்லை. கற்பனை அதிகாரிகளை அறிந்த உலகம் மெய்யான கூலியாளை மறந்தது.

ஒரு நாட்டவரை மட்டும் பழிப்பது நம் நோக்கமன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியுயர்வு கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கோரினர். துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்னும் இழிவை ஒழிக்க வேண்டினர். அன்று மலாயாவை ஆண்ட ஆங்கில அரசு நாதனை நாடுகடத்தியது. இந்தியப் படையினரைத் தோட்டங்களுக்குள் இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின. அங்கும் ஆணையிட்டவர் உண்டு, பணிந்தவர் உண்டு, விடையிறுத்தவர்தாம் இல்லை.

அவ்விருளிலும் நம்முள் தோன்றிய படைத்தலைவியர் உண்டு. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், 1943-இல் சுபாஷ் சந்திர போஸின் உரை கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றித் தந்து, கேப்டன் லட்சுமியின் தலைமையில் இந்திய விடுதலைக்காக அமைந்த ஜான்சி ராணிப் பெண்படையில் பதினெட்டு வயதில் சேர்ந்தார். அதன் துணைத்தலைமைக்கு உயர்ந்தார். 1945-இல் ரங்கூன் கைவிடப்பட்டபோது, குண்டுவீச்சுக்கிடையே நடந்தே பின்வாங்கிய பெண்படையினரை வழிநடத்தினார். பின்னர் மலாயா இந்திய காங்கிரசின் தொடக்ககால உறுப்பினராகவும் மேலவை உறுப்பினராகவும் பணியாற்றி, 2014-இல் மறைந்தார். இப்புகழுக்குள் ஒரு முள்ளும் உண்டு. அவ்விடுதலைப் படைக்குத் துணைநின்ற அதே ஜப்பானியப் படையே அதே 1943-இல் அவர்தம் இனத்தாரைச் சயாமில் சாகவிட்டது. சயாமுக்குக் கொண்டுசெல்லப்படுவதினின்று தப்பவே படையில் சேர்ந்தோரும் இருந்தனர். இம்முரணை மறைக்காமல் சொல்வதே வரலாற்று நேர்மை. மறைத்தால் வீரமும் பொய்யாகிவிடும்.

எழுத்தாளர் சிலர் தம் கடனை ஆற்றியுள்ளனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் அத்துயரைத் தமிழில் பதித்தவை. ஆர்வலர் குழுக்கள் ஆண்டுக்கணக்காக முயன்று வருகின்றன. ஒரு சமூகத்தின் நினைவை ஒரு சிலர் மட்டும் சுமப்பது தகாது.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. தேசியப் பள்ளிகளின் வரலாற்றுப் பாடநூல் சயாம் பாதையில் மாண்ட மலாயாத் தொழிலாளர்க்குத் தனிப்பாடம் தரவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆலயமும் சங்கமும் தன் வட்டாரத்திலிருந்து போனவர் பெயர், தோட்டம், திரும்பினாரா என்னும் மூன்றையும் குடும்பங்களிடம் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். அன்று சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளே இன்று முதுமையில் இருப்பதால் காலம் குறைவு. அவர்களை ஏற்றிச் சென்ற இருப்புப்பாதை இன்றும் ஓடும் தலைநகரில் ஒரு நினைவிடம் எழவேண்டும். ஜப்பான் அரசு தன்னிடமுள்ள ஆவணங்களை நம் ஆய்வாளர்க்குத் தயக்கமின்றித் திறந்துவிட வேண்டும். தன் நாட்டு ஓவியர் ஒருவர் கதையில் காட்டிய நேர்மையை அரசு செயலில் காட்டட்டும்.

மஸ்டாங்கைப் போற்றும் நம் இளைஞர்க்கும் ஒரு சொல். அவன் உங்களைக் கவர்ந்தது அவன் மூட்டிய தீயினாலன்று, அத்தீக்கு அவன் ஏற்ற பொறுப்பினாலேயே. அப்பொறுப்பு இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் பாட்டியிடம், அவர் இல்லையேல் அவர்தம் மூத்த பிள்ளையிடம், நம் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார் என்று கேளுங்கள். கிடைக்கும் பெயரை எழுதிவையுங்கள். அன்று அவருக்காக விடையிறுக்க எவருமில்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள்.