மதுரையில் கழற்றிய தொப்பி

தேர்தல் காலத்தில் விளாத்திகுளம் கடைத்தெருவில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் இயலாது. மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, கரை போட்ட வேட்டி, மெல்லிய சட்டைப் பையினூடே தெரியும் தலைவர் படம். கட்சி எதுவாயினும் கோலம் ஒன்றே. கரையின் நிறம் மட்டுமே வேறு. இவர்களுள் எத்தனை பேர் இவ்வுடையைத் தாமே யோசித்துத் தேர்ந்தனர் என்று கேட்டால் கோபித்துக் கொள்வார்கள். ஆயினும் நாம் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். உடன் பிரயாணம் செய்த ஜனங்கள் அந்நியத் துணி உடுத்தியிருந்தனர். கதர் உடுத்தும்படி அவர் வேண்டியபோது, விலை அதிகம், வாங்க வகையில்லாத ஏழைகள் நாங்கள் என்று தலையசைத்து விட்டனர். அவர்களுக்கு அவரால் மறுமொழி சொல்ல முடியவில்லை. மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் அன்றிரவு தங்கியவர், 22-ஆம் தேதி காலையில் மேற்சட்டையும் தொப்பியுமின்றி முழங்காலளவு துணியுடன் வெளிவந்தார். அக்டோபர் 31 வரையிலாவது இவ்வாறிருப்பதென்றே முதலில் அறிவித்தார். தம் சகாக்களும் சட்டையையும் தொப்பியையும் துறக்க வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை என்பதையும் அவ்வறிக்கையிலேயே சொன்னார். தவணை கழிந்தும் அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை. 1931-ல் லண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்ததும் அவ்வுடையில்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொப்பியின் கதி. மதுரையில் அவர் கழற்றிய தொப்பிக்குத்தான் ‘காந்தி குல்லாய்’ என்று பெயர். அவர் தலையை விட்டு அகன்ற பின்னரும் பல்லாண்டுகள் அது பிறர் தலைகளில் வாழ்ந்தது. அதை அணிந்து தடியடி பட்டவர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறோம். சுதந்தரம் வந்த பிறகு பதவி நாடி அணிந்தவர்களைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் காசியில் இருந்த நாளில் குடுமியை நீக்கி, மீசை வளர்த்து, தலைப்பாகை கட்டலானார். அவருடைய கோட்டு ஐரோப்பியர் வழியில் வந்தது. அதனால் அவரை அந்நிய மோகி என்று எவராவது சொல்லத் துணிவாரா? ஊரார் முகம் சுளிப்பர் என்று தெரிந்தே அவ்வேஷத்தை அவர் வரித்துக் கொண்டார். துணி எந்தத் தேசத்தது என்பதோடு, அதை உடுத்தத் தீர்மானித்தவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

2014-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் வேட்டி உடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தேசமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. வேட்டிக்காகப் பொது இடத்தில் ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், மனமார வரவேற்கிறோம்.

ஆனால் வாயிற்காவலனைத் தண்டிக்கும் சட்டம் நம்முடைய கூச்சத்தை என்ன செய்யும்? பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்கு வேட்டியை அனுமதிக்கின்றன. கீழ்க் கோர்ட்டுகளில் வெயில் காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்றும் கூறுகின்றன. ஆயினும் சித்திரை வெயிலில் வேர்த்து வடிந்தும் கோட்டைக் கழற்றாதவர் பலர். வேட்டியுடன் வாதாட எழுபவரைக் காண்பதோ அரிது. எம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம். எவரும் நிர்ப்பந்திக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம் ஒன்றே போதுமாயிருக்கிறது.

கரிசல் பூமியில் பருத்தி விளைவித்த ஊர்க்காரர்கள் இன்று பாலியெஸ்டர் கலந்த பளபளப்பு வேட்டியை வாங்கி, அதுவும் இடுப்பில் நில்லாதென்று ஒட்டுப்பட்டி வைத்துக் கட்டிக்கொண்டு, ஜீன்ஸ் அணியும் வாலிபனுக்குத் தமிழ்ப் பண்பாடு போதிப்பது நமக்குச் சிரிப்பை மூட்டுகிறது. அவ்வாலிபன் சினிமாவைப் பார்த்து உடுத்துகிறான். இவர் மேடையைப் பார்த்து உடுத்துகிறார். அவனுடைய மோகம் அவன் பணத்தோடு போகும். இவருடையதோ பிறருக்கும் கட்டளையாகிறது. வெள்ளைச் சட்டை வாங்க வகையற்ற ஊழியன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று, நோட்டீஸ் ஒட்டுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறான். ரயிலில் அன்று மகாத்மாவைத் திகைக்க வைத்த ஏழை இவனல்லவா?

எல்லாக் கட்சிகளின் கிளைக் காரியதரிசிகளுக்கும் ஒரு விண்ணப்பம். உப்பளத்திலிருந்தோ மிளகாய்க் காட்டிலிருந்தோ கட்டிய கைலியுடன் நேரே வரும் ஊழியனுக்கு உங்கள் அடுத்த கூட்டத்தில் மேடைமேல் நாற்காலி உண்டா? உண்டெனில் தேதியையும் இடத்தையும் எழுதியனுப்புங்கள். இப்பக்கத்திலேயே பிரசுரிக்கிறோம்.