புது பேரிங் ஏன் பதினெட்டே நாளில் போனது?

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு மில் எந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். இதுவும் கணக்கு சம்பந்தப்பட்டதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் நூற்பாலையில் ஃபிட்டர். போன வாரம் வீட்டுக்கு வந்தான். முகமே சரியில்லை. பொங்கலுக்கு மில்லை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களுக்கும் "வருஷமாச்சு" என்று பேரிங் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றினான். பதினெட்டாம் நாள் நைட் ஷிஃப்டில் அதில் ஒன்று இறுகி மோட்டார் நின்றுவிட்டது. கவனக்குறைவு என்று மெமோ.

"பழசையே விட்டிருந்தா இன்னும் ஓடியிருக்கும் சார்" என்றான்.

சாக்கு சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. கேட்லாக்கில் பேரிங்குக்குப் போடும் ஆயுள் சராசரிகூடக் கிடையாது. நூற்றில் 10 அதற்கு முன்பே போகலாம், மீதி 90 அதைத் தாண்டியும் ஓடும் என்பதே அந்த எண்ணுக்கு அர்த்தம். மருந்து பாட்டிலின் காலாவதித் தேதி போல அதைப் படிக்கிறார்கள்.

1978இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமான பாகங்களில் 89 சதவீதத்துக்கு, இத்தனை மணி நேரமானால் மாற்று என்கிற விதியால் பலனில்லை. 68 சதவீதத்தில் பழுது வாய்ப்பு பொருத்திய புதிதில்தான் அதிகம். பிறகு இறங்கிச் சீராகிவிடுகிறது. ஆலைகளில் இன்று ரிலையபிலிட்டி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

விமானத்தின் சதவீதத்தை அப்படியே மில்லுக்குப் போட முடியாதுதான். ரிங் ஃபிரேமில் டிராவலர் தேய்கிற பொருள், அதை நாள் கணக்கில் மாற்றுவதே சரி. அந்த விதியை மோட்டார் பேரிங்குக்கும் நீட்டியதில்தான் வம்பு. பேரிங் போவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் மாறும், சூடு ஏறும், அதிர்வு கூடும். அதைப் பார்த்து மாற்றலாமே. சும்மா ஓடுவதைப் பிரித்தால் தூசி நுழையவும் பொருத்துவதில் தவறு நேரவும் நாமே வழி திறக்கிறோம்.

எப்படிப் பொருத்தினாய் என்று கேட்டேன். சுத்தியலால் தட்டித்தான் ஏற்றினானாம். பேரிங்கைச் சூடாக்கி ஏற்றும் ஹீட்டர் வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டும் வாங்கித் தரவில்லை. தட்டுகிற அடி குண்டுகள் வழியாக இறங்கினால் பாதையில் பள்ளம் விழும் என்று அவனுக்கே தெரிகிறது. இது கவனக்குறைவு என்றால் யாருடையது?

லாக் புக் பக்கத்தைப் போனில் காட்டினான். "பேரிங் போச்சு. மாத்தியாச்சு." எல்லா வரியும் அதேதான். முன்பு எப்போது மாற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியது, கழற்றியபோது கிரீஸ் எப்படி இருந்தது, ஒன்றும் இல்லை. பரீட்சையில் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத பையனுக்கு நான் முழு மார்க் போட்டதே கிடையாது.

இரண்டு வருஷப் பக்கங்களை எடுத்து, தேதிகளை ஒப்பிட்டு, மாற்றிய ஒரு மாதத்துக்குள் போனவற்றைத் தனியாக எண்ணு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஹீட்டர் கேட்ட கடிதங்களின் நகலும் அவனிடம் இருக்கிறது. மெமோவுக்குப் பதில் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.