திரை வந்தது, கற்பனை வந்ததா?

நம் பள்ளிகளில் ஒளித்திரை மாட்டியதுமே புதுமை பிறந்துவிட்டதென மகிழ்கிறோம். திரையில் யானை அசைய, பிள்ளை கைகட்டி நோக்கினால், அது பழைய மனப்பாடத்திற்குப் போர்த்திய புத்தாடையன்றோ?

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், ஆசிரியரைப் பிள்ளைகளோடு தரையில் அமர்த்தியது. சுவரின் அடியில் பிள்ளைக்கு எட்டும் கரும்பலகை தந்தது. பிள்ளைகள் வரைந்தவற்றைக் கம்பிப்பந்தலில் தொங்கவிட்டது. அட்டைகளைக் கடப்பதே சடங்காகிவிட்ட இடங்களில் அதுவும் பயன் குன்றியது. ஆகவே, கருவி எதுவும் தானாகக் கற்பிப்பதில்லை.

காட்சியை இடையில் நிறுத்தி, “அடுத்து யானை என்ன செய்யும்? வரைந்து காட்டு” எனும் ஆசிரியையின் கையில்தான் திரையும் உயிர்பெறும்.

பெற்றோரே, சேர்க்கை நாளில் திரைகளை எண்ணாதீர். பிள்ளைகள் வரைந்தவை எங்கே எனக் கேளுங்கள்!