பெற்றோர் கூட்டமும் அரைப் பேரும்

தவணை முடியும்போது பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு துண்டு கொண்டுவருகிறது. பெற்றோர் கூட்டம், வேலை நாள், காலை பத்து மணி. அந்த நேரத்தில் நம் தாய்மார் கொழுந்து மலையில் நிற்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பிந்திப் போய்க் கொழுந்து எடுத்தாலும் நிறை வராது, அரைப் பேர்தான். போகாவிட்டாலோ, "தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை" என்ற பேச்சு.

இந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே பிந்தித்தான். அதற்கு முன்பு ஒரே மண்டபத்தில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்த தோட்டங்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் லயத்துப் பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாக வந்தார்கள். அக்கறையில்லாத பெற்றோரா அவர்களை அனுப்பினார்கள்?

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்துக்குப் போக முடியாதது வேறு, ஆசிரியரோடு பேசாமலே இருப்பது வேறு. பேசாமல் இருப்பதற்கு நேரமின்மை மட்டும் காரணமல்ல, கூச்சமும் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் பணம் கட்டவில்லை, கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. துரையின் முன் நின்று சம்பளப் பாக்கியைக் கேட்கிற நாம், வகுப்பாசிரியர் முன் கைகட்டி நின்று, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? பாடசாலையில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சே சுற்றறிக்கை விட்டிருக்கும்போது, நாமே பிரம்பை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஆசிரியருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், அதைச் சொல்லுங்கள். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பிள்ளை அப்பாயியோடு இருக்கிறது என்றால், தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடப் போவது யார் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை மடுவம் பூட்டிய நாளில் தம்பியைப் பார்க்க அக்காவை வீட்டில் நிறுத்தினால், "காய்ச்சல்" என்று எழுதாமல் உள்ளதை எழுதுங்கள். அப்போதுதான் விட்டுப்போன பாடத்தைக் கொடுக்க ஆசிரியருக்கு வழி கிடைக்கும். எழுத வராவிட்டால் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சொல்லி எழுதுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

கேட்கும்போதும் "எப்படிப் படிக்கிறான்?" என்று மட்டும் கேட்டால், "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். கணக்கில் எந்த இடத்தில் நிற்கிறான், தமிழைச் சத்தமாக வாசிக்கிறானா, கரும்பலகை தெரிகிறதா, யாரோடு சேர்ந்து இருக்கிறான் என்று கேளுங்கள். கரும்பலகை தெரியாமல் பின்வாங்கில் இருந்தே "மக்கு" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடிப்போய்க் கேட்பதைவிட, தரம் 3இலேயே கேட்டால் திருத்த நேரம் இருக்கும்.

மனத்தாங்கல் ஏதும் இருந்தால் லயத்து வாசலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பேச வேண்டாம். முதலில் வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், தீராவிட்டால் அதிபரிடம் போங்கள். அதிபரிடமும் தீரவில்லையா, வலயக் கல்விக் காரியாலயம் இருக்கிறது. அங்கே போகும்போது சங்கமும் கூட வரும்.

இனி நிர்வாகத்துக்கும் பாடசாலைக்கும். கூட்டத்தை வேலை முடிந்த பிறகு வைக்கும்படி தோட்டக் கமிட்டிகள் அதிபர்களைக் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் பலர் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், மாலையில் அவர்களுக்கும் கஷ்டம் என்பதை அறிவோம். ஆகவே காலையில்தான் கூட்டம் என்றால், பாடசாலைத் துண்டைக் காட்டும் தொழிலாளிக்குத் தவணைக்கு ஒரு நாள் பேர் குறையாமல் போட வேண்டும் என்பது நமது கோரிக்கை. ஒரு தோட்டத்துக்கு இது பெரிய செலவல்ல. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பிள்ளை கொண்டுவந்த துண்டு கைவசம் இருந்தால் எடுத்துவாருங்கள். திகதியும் நேரமும் போட்ட துண்டுகளை வைத்துக்கொண்டே நிர்வாகத்திடம் பேசப் போகிறோம்.