பதினால்வருக்குப் பொருந்தாத திருத்தம்

அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகக் கால்பந்து அணி 1969ஆம் ஆண்டுப் பருவத்தில் பத்து ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆறில் வென்றது, கடைசி நான்கில் தோற்றது. (கால்பந்து என்று பெயர்தான், பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம் அது.) நான்காவது வெற்றிக்கும் ஐந்தாவது வெற்றிக்கும் இடையில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் என்ன நடந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

அக்டோபர் 17. மறுநாள் சொந்த ஊரான லாரமி நகரில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். அது மார்மன் திருச்சபையின் பல்கலைக்கழகம். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று அந்தத் திருச்சபை அப்போது வைத்திருந்த விதி 1978இல்தான் நீங்கியது. முந்தைய ஆண்டு அந்த அணியுடன் மோதியபோது தங்கள் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள் என்ற மனக்குறையும் வயோமிங் வீரர்களுக்கு இருந்தது. அணியில் இருந்த கறுப்பின வீரர்கள் பதினான்கு பேர். அவர்கள் சாதாரண உடையில், கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பயிற்சியாளர் லாயிட் ஈட்டனைப் பார்க்கப் போனார்கள். ஆட்டத்தின்போது பட்டை அணியலாமா, வேறு எப்படியாவது எதிர்ப்பைக் காட்டலாமா என்று பேசத்தான் போனார்கள். உள்ளரங்கத்தின் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே, பதினான்கு பேரையும் அணியிலிருந்து நீக்கினார் ஈட்டன்.

ஈட்டன் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வீரர்கள் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்று அவர் விதி வைத்திருந்தார். பட்டை அணிவது அந்த விதியை மீறுவதாகும் என்று அணியின் இணைத் தலைவர்களில் ஒருவரான ஜோ வில்லியம்ஸிடம் முந்தைய நாளே சொல்லியும் இருந்தார். தெரிந்தேதான் போனார்கள். ஆனால் அந்த விதியை எழுதியவர் அவர், மீறினார்களா என்று பார்த்தவர் அவர், தண்டனை கொடுத்தவரும் அவர். 1966 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வட்டாரக் கூட்டமைப்புப் பட்டம் வென்று தந்த மனிதர்; அந்த ஊரில் அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பது இதுதான்.

அன்றிரவு பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு கூடியது. ஆளுநர் ஸ்டான்லி ஹாத்வேயும் வந்து சேர்ந்தார். விடிய விடியப் பேசிவிட்டு நீக்கம் சரியே என்று முடிவு செய்தார்கள். மறுநாள் பிற்பகல், ஒரு கறுப்பின வீரர்கூட இல்லாத வயோமிங் அணி 40-7 என்ற கணக்கில் வென்றது. இந்த விவகாரத்தில் மிகப் பெரிய கெடுதலைச் செய்தது அந்த வெற்றிதான் என்பது நம் கருத்து. தோற்றிருந்தால் ஊர் ஒரு நிமிடமாவது யோசித்திருக்கும். வென்றதும் பயிற்சியாளர் செய்தது சரி என்று கூட்டம் தீர்மானித்துவிட்டது. அடுத்த வாரம் வந்த சான் ஹோசே மாநிலக் கல்லூரி வீரர்கள் பதினால்வருக்கு ஆதரவாகக் கையில் பல வண்ணப் பட்டைகள் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அந்த ஆட்டத்திலும் வயோமிங் வென்றது.

பிறகு தொடர் தோல்வி. 1970இல் பத்து ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வெற்றி. ஈட்டனும் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. செய்த பாவத்துக்குக் கிடைத்த கூலி என்று இதைச் சொல்லிக் கேட்டால் காதுக்கு இனிக்கும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். மிச்ச ஆட்டங்கள் அத்தனையிலும் அந்த அணி வென்றிருந்தாலும் அக்டோபர் 17 காலையில் நடந்தது தவறுதான். புள்ளிப்பட்டியலைப் பார்த்து நியாயம் பேசுவது ஈட்டனின் ரசிகர்கள் செய்த அதே வேலை.

நாம் குற்றம் சாட்டுவது பயிற்சியாளரைவிடப் பல்கலைக்கழகத்தைத்தான். நீக்கம் நடந்து ஒரு வாரம் ஆகும் முன்பே, அக்டோபர் 23 அன்று, பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் கார்ல்சனும் ஈட்டனும் நிருபர்களைச் சந்தித்து அந்த விதியைத் தளர்த்துவதாக அறிவித்தார்கள். ஆடுகளத்துக்கு வெளியே வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இனி அணியின் கவலையில்லை. ஆனால் நீக்கப்பட்ட பதினான்கு பேருக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது! விதி சரியாக இருந்தால் மாற்றியிருக்க வேண்டாம். தவறாக இருந்தால் அதன் பேரில் தண்டித்தவர்களைத் திரும்ப அழைத்திருக்க வேண்டும். தவறு என்று தெரிந்துகொண்டே தண்டனையை நீடிக்கவிட்ட நிர்வாகத்துக்கு, கோபத்தில் அவசரப்பட்டுவிட்டோம் என்ற சாக்குகூடக் கிடையாது.

பதினால்வர் வழக்குத் தொடுத்தார்கள்; நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் அணி ஒரு மதத்தின் நம்பிக்கைக்கு எதிராகப் பட்டை அணிந்து ஆடினால் அரசு மத விஷயத்தில் நடுநிலை தவறியதாகிவிடும் என்ற வாதம் எடுபட்டது. 1972இல் மேல்முறையீட்டிலும் பதினால்வர் தோற்றார்கள். ஒரு மாணவர் கையில் கட்டிய துணி எப்படி அரசின் குரலாகும் என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை. பெண்களுக்கு 1869இலேயே வாக்குரிமை கொடுத்ததால் தன்னைச் சமத்துவ மாநிலம் என்று அழைத்துக்கொள்கிறது வயோமிங். அந்தச் சட்டத்தின் நூறாவது ஆண்டில்தான் இவ்வளவும் நடந்தது.

பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019 செப்டம்பரில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து. விளையாட்டரங்கில் நினைவுப் பலகை வைத்தார்கள்; வந்திருந்தவர்களுக்கு அணியின் மேலங்கியை அணிவித்தார்கள். இருபது வயதில் கழற்றச் சொன்னதை எழுபது வயதில் போட்டுவிட்டார்கள். பதினால்வரில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இந்த மன்னிப்பைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று யாரும் சொல்லப்போவதுமில்லை. ஆனால் கேட்கவேண்டியவர்கள் பதவியில் இருந்தபோது கேட்கவில்லை. அவர்களுக்காக வேறு யாரோ கேட்டார்கள். ஐம்பது ஆண்டுத் தாமதத்தைக் குற்றத்தின் பகுதியாகத்தான் எண்ண வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2020 நவம்பரில், எஞ்சியிருந்தவர்கள் தங்கள் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை மூலம் பல ஊர்களில் ஏழைகளுக்கு உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். லாரிகளில் அவற்றை அனுப்பிவைத்தது மார்மன் திருச்சபை. உணவு போய்ச் சேர்ந்த ஊர்களில் லாரமியும் ஒன்று.