டயரை மாற்றும் முன் டயரைப் படியுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், தூண்டில் பிரியர்களுக்குக் கை சும்மா இருக்காது. தெமெங்கோர், கென்யிர் ஏரிகளுக்கும் லுமுட் கடற்கரைக்கும் படகை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வானொலிக்கு வரும் குரல் பதிவுகளிலும் இவர்களின் கேள்விகள் ஏராளம். அண்மையில் ஒரு நேயர் இப்படிக் கேட்டிருந்தார்: "தம்பி, படகு டிரெய்லருக்குப் புது டயர் போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. இடது பக்க டயர் மட்டும் உள்பக்கமா மொட்டையாயிடுச்சு. டயர் மட்டமா?"

டயர் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் டயருக்கு மேலே இருக்கும் ஏதோ ஒன்று அதைத் தேய்க்கிறது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றினால் அடுத்த வருஷமும் அதே பட்டறை, அதே செலவு.

செலவுகூடப் போகட்டும். காரின் முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும். ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பின்னால் வரும் டிரெய்லரில் இறங்கினால் பெரும்பாலும் தெரியாது. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, படகு ஆட ஆரம்பித்த பிறகுதான் கண்ணாடியைப் பார்ப்போம். அந்த நேரத்தில் நமக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருக்கலாம்.

சரி, டயரை எப்படிப் படிப்பது? டிரெய்லரைச் சமதரையில் நிறுத்துங்கள். முதலில் கண்ணால் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் தொட வேண்டாம். அந்த டயரின் கதை முடிந்தது. இல்லையென்றால் உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். நம்மில் பலருக்கு நடப்பது இதுதான். வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லரில் காற்று மெல்ல மெல்லக் குறைந்திருக்கும், பார்க்காமலே கிளம்பிவிடுவோம். ஓடுவதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில், டிரெய்லர் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். காருக்கு அடிக்கும் அளவைக் குத்துமதிப்பாக இதற்கும் அடிக்கக் கூடாது. டயரில் பிஎஸ்ஐ என்றும் பெட்ரோல் நிலையத்தில் கிலோபாஸ்கல் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். 1 பிஎஸ்ஐ ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். 50 பிஎஸ்ஐ என்றால் 345.

திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் பேலன்ஸ் இல்லை அல்லது பேரிங் தளர்ந்திருக்கிறது. தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் சக்கரம் நேராக உருளாமல் சற்றே திரும்பி, தரையில் உரசிக்கொண்டே வருகிறது.

இனி நேயர் கேட்ட உள்ஓரத் தேய்மானம். இரண்டு டயர்களும் உள்பக்கம் தேய்ந்திருந்தால், பாரம் தாங்காமல் அச்சு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அச்சின் நடுப்பகுதி கீழே தொய்ய, சக்கரங்களின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். ஒரு டயர் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். குழியில் விழுந்தோ மேட்டில் மோதியோ அச்சின் முனை வளைந்திருக்கலாம். லீஃப் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் 'யு' போல்ட் தளர்ந்து, அச்சு இடம் மாறியிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் போதும். படகு மேலே இருக்கும்போதே அளங்கள். இறக்கிவிட்டு அளந்தால் வளைவு தெரியாமல் போகலாம். காரில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அச்சு கோணியிருக்கிறது. அப்படிப்பட்ட டிரெய்லர் சாலையில் நண்டு போல ஒருசாய்ந்து வரும். அடுத்து, இரண்டு டயர்களின் நடுவிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அச்சின் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்கள் பேரிங்கைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடிய சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். பேரிங் துருப்பிடித்து, சக்கரம் ஆடத் தொடங்கும். ஆகவே ஹப் ஆறும்வரை காத்திருங்கள். ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம் அதற்குத்தான். திரும்பி வந்ததும் ஸ்பிரிங், ஹப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

சோதிப்பதும் சுலபம். டிரெய்லரைக் காரோடு மாட்டி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டாலோ பேரிங்கைப் பார்க்க வேண்டும். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

பாரத்தையும் கணக்குப் போடுங்கள். நம் ஊர் மழைக்குத் திறந்து கிடக்கும் படகில் 100 லிட்டர் தண்ணீர் தேங்கினால் 100 கிலோ கூடுதல். வீட்டில் நிற்கும்போது படகின் அடித் தக்கையைக் கழற்றி வைத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். தண்ணீரில் இறக்கும் முன் தக்கையை மறக்காமல் மாட்டுங்கள். பேட்டரி, பெட்ரோல் தொட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர்தான் சுமக்கும்.

ஆகவே அந்த நேயருக்கு என் பதில் இது, அண்ணே: முதலில் காற்று, அடுத்து பேரிங், பிறகு ஸ்பிரிங்கும் 'யு' போல்ட்டும், கடைசியில் அளவு. அச்சு வளைந்திருப்பது உறுதியானால் புதிது மாற்றுங்கள். நெருப்பு வைத்து நிமிர்த்தித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சூடேற்றிய இரும்பு வலுவிழக்கும். இவ்வளவும் சரியான பிறகு புது டயர் வாங்குங்கள். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் வெயிலில் நின்ற பழைய ரப்பர் வெடிப்பு விடும்.

மீன் கடிப்பதும் கடிக்காததும் நம் கையில் இல்லை. படகு ஒழுங்காக வீடு வந்து சேருவது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் சந்திப்போம்.