நடுங்குவது கையா, சென்சாரா?

காற்றில் கையை அசைத்து சுரம் எழுப்பும் கருவியை வீட்டிலேயே செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்டுயினோ தயார், தூரம் அளக்கும் சென்சார் தயார், புரோகிராமும் ஓடுகிறது. ஆனால் கையை ஆடாமல் அசையாமல் வைத்திருந்தாலும் சுரம் மட்டும் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்குகிறது!

உடனே கைக்கு வரும் மருந்து, சராசரி. பத்து அளவுகளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் நடுக்கம் போய்விடும். போகும்தான். கூடவே இசையும் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வேலைக்குப் பலரும் வாங்கும் ஷார்ப் இன்ஃப்ராரெட் சென்சார் (10 முதல் 80 செ.மீ. வரை அளப்பது) சுமார் 38 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புது அளவு தரும். பத்து அளவு சேர 380 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டே 500தான். கை போய்ச் சேர்ந்து முக்கால் தட்டு கழித்து சுரம் போய்ச் சேரும். வெப்பமானிக்கு இது பரவாயில்லை. வாத்தியத்துக்கு?

1920 வாக்கில் ரஷ்யாவின் லெவ் தெரமின் உருவாக்கிய கருவியில் இந்தக் காத்திருப்பே கிடையாது. கைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலான மின்தேக்கம் மாறினால் சுருதி அப்போதே மாறும். கிளாரா ராக்மோர் அதில் கச்சேரியே செய்தார். அங்கே கையின் மெல்லிய நடுக்கம் பிழையல்ல, அதுதான் விப்ராட்டோ. நொடிக்கு ஆறு அசைவு என்றால் ஓர் அசைவுக்கு 170 மில்லிசெகண்டுக்கும் குறைவு. 380 மில்லிசெகண்ட் சராசரி அதை வழித்துத் துடைத்துவிடும்.

ஆக, போகவேண்டியது சென்சாரின் நடுக்கம். இருக்கவேண்டியது கையின் நடுக்கம். சராசரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் வைத்தியத்தை வேரிலிருந்து தொடங்குவதே சரி. இந்த சென்சார் மின்சாரத்தை விட்டுவிட்டு இழுக்கும். அதன் மின் இணைப்புக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் பக்கத்திலேயே வைத்தால் பாதித் தொல்லை அடங்கும். அடுத்தது எல்லை. 10 செ.மீ.யிலிருந்து 20க்குப் போனால் வோல்டேஜ் சுமார் 1 வோல்ட் குறைகிறது. 70லிருந்து 80க்குப் போனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தூரத்தில் சின்ன இரைச்சலும் பெரிய தாவலாகத் தெரிவது இதனால்தான். 10 முதல் 40க்குள் வாசிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கும் அடங்காத திடீர்த் தாவலுக்கு மீடியன் இருக்கிறது. 20, 21, 20, 95, 21 என்று அளவுகள் வந்தால் சராசரி 35.4, மீடியன் 21. எது உண்மைக்குப் பக்கம்? கடைசி மூன்று அளவுகளின் மீடியனே பெரும்பாலும் போதும், தாமதமும் குறைவு.

ஆடாமல் நிற்கும் எண்தான் வேண்டுமென்றால் அதற்கு ஸ்கேல் போதுமே, சென்சார் எதற்கு?